இடம் பயன்பாட்டில் உள்ளது

பெனசீர் மதுரை எல்லீஸ் நகர் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தபோது வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினாள். படி ஏறியதால் மட்டுமல்ல. இந்த வீட்டின் புகாரைக் கம்பெனிக் கணினி செவ்வாய்க்கிழமை ஒரு தடவையும் புதன்கிழமை ஒரு தடவையும் 'தீர்க்கப்பட்டது' என்று தானாகவே மூடியிருந்தது. செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் பேசியது அவளேதான். "காதுக்குப் பின்னாடி இருக்கிற பொத்தானை அணைச்சுட்டு, பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க, சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விட்டாள். சரியாகவில்லை.

கதவைத் திறந்தவர் அழகுமலை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாள் தாடி, கசங்கிய பனியன்.

"வாங்க தாயி," என்றார். "நேர்ல ஒரு ஆளு வந்து சேர மூணு நாளாகுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்படுகிற தெம்பெல்லாம் தீர்ந்துபோயிருந்த குரல். பெனசீர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

கூடத்துச் சுவர் முழுக்கக் கோப்பைகளும் குழுப் புகைப்படங்களும். அவற்றுக்குக் கீழே நாற்காலியில் சொர்ணத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் பெண்கள் கபடி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவள். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவளை இந்தக் கோடியிலிருந்தே பெயர் சொல்லி அதட்டிப் பழகிய தொண்டை. நான்கு வருடத்துக்கு முன்னால் மூளைக்குள் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, பேச்சு மொத்தமாகப் போனது. தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, நாக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. மனிதர்களைத் தெரியும், நடந்ததெல்லாம் நினைவிருக்கும். சொற்கள் இருந்த இடம் மட்டும் அழிந்துவிட்டது. பிறர் பேசினாலும் அவளுக்கு அது வெறும் ஓசை.

அப்படிப்பட்டவர்களுக்குச் சொற்களை வெளியே வைத்துக் கொடுப்பதுதான் பெனசீரின் கம்பெனி செய்கிற வேலை. பழைய ஒலிப்பதிவுகள், வீட்டு வீடியோக்கள், மைதானத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் திரட்டி, அந்த ஆளுடைய சொற்களையும் அவர் அவற்றைக் கோக்கும் விதத்தையும் ஒரு கிடங்காக்கி, காதுக்குப் பின்னால் பதித்த வில்லை வழியாக மூளையோடு இணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் பேசுவதும் கேட்பதும் அந்தக் கிடங்கிலேயே வந்து சேரும். நான்கு வருடமாகச் சொர்ணத்தாய் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கணவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். நின்றதுதான்.

பெனசீர் தன் கணினியை விரித்து, மெல்லிய கம்பியைச் சொர்ணத்தாயின் காதுக்குப் பின்னால் பொருத்தக் கையை நீட்டினாள். சொர்ணத்தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டக்காரியின் பிடி. வலித்தது. கண்ணை எடுக்காமல் பெனசீரின் முகத்தையே பார்த்தாள். பிறகு தானே கையை விட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள்.

"டாக்டரம்மா கணக்கு சொல்லிட்டாங்க," என்றார் அழகுமலை. "எழுபத்திரண்டு மணி நேரம். அதுக்கு மேல இணைப்பு இல்லாமக் கெடந்துச்சுன்னா மூளைக்குள்ள இருக்கிற அந்த வாசல் தூந்துபோயிருமாம். அப்புறம் நீங்க தங்கத்துல கம்பி போட்டாலும் ஏறாதுன்னாங்க. இன்னைக்கு ரெண்டு மணி."

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சுமா மூணு நாளு?"

பெனசீர் தலையைக் குனிந்துகொண்டு விசைப்பலகையைப் பார்த்தாள். திரையில் ஒரு வரி வந்தது: 'ஏற்ற இயலவில்லை.' ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

"இந்த ஒத்தை வரியத்தான் மூணு நாளாக் காட்டுது," என்றார் அழகுமலை. "அவ பேச்சு அங்க இருக்கா, அழிஞ்சுபோச்சா? அதையாவது சொல்லுங்க."

"இருக்கு ஐயா. ஒன்பது ஊர்ல இருக்கு."

"ஒன்பது ஊர்லயா? எதுக்கு? ஒரே எடத்துல வச்சிருந்தா இந்தத் தொல்லை உண்டா?"

"ஒரே இடத்துல வச்சு அந்த மெசின் எரிஞ்சுபோச்சுன்னா அம்மாவுக்கு ஒரு சொல்லு மிஞ்சாது. அதனால துண்டு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் மூணு ஊர்ல வைக்கிறோம். ஒண்ணு போனாலும் மத்தது இருக்கும். எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்து அவங்க மூளையில ஏத்துறதைத்தான் மவுண்ட் பண்றதுன்னு சொல்லுவோம். சரக்கெல்லாம் பத்திரமா இருக்கு. ஏத்தம்தான் நிக்க மாட்டேங்குது."

அழகுமலை யோசித்தார். "லைன்ல கரண்ட் இருக்கு, வீட்டுக்குள்ள வரல. அதானே?"

"அதேதான்."

"அப்ப ஒவ்வொரு போஸ்ட்டாப் பாத்துட்டு வரணும்," என்றார் அவர், லைன்மேனாக.

ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாள். ஒன்பதில் எட்டு மெசின்கள் உடனே பதில் சொல்லின. ஓசூரில் இருந்தது மட்டும் வாய் திறக்கவில்லை. அங்கே பொறுப்பில் இருந்தவரை அழைத்தாள். "பச்சை லைட் எரியுதே மேடம், நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். பச்சை எரிந்தாலும் பதில் வரவில்லை, கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள் என்றாள். எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார். எழுத்தில் அனுப்பினாள். அவருடைய மேலாளர் கையெழுத்து இல்லை என்றார். மேலாளர் கூட்டத்தில் இருந்தார். இதற்கே ஐம்பது நிமிடம் போனது. கடைசியில் அந்த ஆள் கம்பியைப் பிடுங்கிச் செருக, ஓசூர் உயிர்பெற்றது. பெனசீர் ஏற்றிப் பார்த்தாள்.

'ஏற்ற இயலவில்லை.'

அடுத்து வில்லையின் கடிகாரம். அது உண்மையான நேரத்துக்கு நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. நேரம் தப்பினால் கிடங்கு வில்லையின் அனுமதிச் சாவியை ஏற்காது. இதுதான் காரணம் என்று நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. கடிகாரத்தைச் சரிசெய்து, சாவியைப் புதுப்பித்து, மறுபடி ஏற்றினாள்.

'ஏற்ற இயலவில்லை.'

நாற்காலியில் இருந்த சொர்ணத்தாய்க்கு எழுத்து தெரியாது இப்போது. ஆனால் பெனசீரின் தோள் தளர்வது தெரிந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தாள். தண்ணீர் சிதறிக் கணினியின் ஓரம் வரை வந்தது. அழகுமலை துணி கொண்டுவந்து துடைத்தார்.

"மூணு நாளா இப்படித்தான்," என்றார் துடைத்துக்கொண்டே. "நேத்து ராத்திரிச் சோத்தத் தட்டோட விட்டெறிஞ்சா. கோவிச்சுக்காதீங்க. மருமக மாசமா இருக்கு தாயி, நியூசிலாந்துல. அஞ்சு முடிஞ்சு ஆறு. ஞாயித்துக்கெழமை ஆனா அது போன்ல பேசும், இவளும் பேசுவா. அதுக்குள்ள சரியாகலேன்னா அந்தப் புள்ளை பயந்துபோயிராதா?"

பன்னிரண்டு மணிக்குப் பெனசீர் ஏற்றும் நிரலை விட்டுவிட்டு, கிடங்கின் உள்பதிவேட்டையே நேராகத் திறந்தாள். அதற்கு அவளுக்கு அனுமதி இல்லை. சென்ற வருடம் வேலையை விட்டுப் போன ஒருவர் கொடுத்த கடவுச்சொல் இன்னும் வேலை செய்தது. அங்கேதான் உண்மையான காரணம் எழுதியிருந்தது, வாடிக்கையாளருக்குக் காட்டாத வரி: 'இடம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.'

சென்னையில் இருந்த தன் மேலாளர் தயாநிதியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"பழைய பூட்டு ஏதாவது விழுந்து கெடக்கும் பெனசீர்," என்றார் அவர். "செத்துப்போன இணைப்போட பூட்டு. அதை எடுத்துட்டுப் புகாரை மூடுங்க. காலையில இருந்து நீங்க ஒரே வீட்டுல உக்காந்திருக்கீங்க."

"செத்த பூட்டு இல்ல சார். உயிரோட இருக்கு. இருபது வினாடிக்கு ஒருதடவை 'இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கு. யாரோ இவங்க கிடங்கை வேற இடத்துல ஏத்தி வச்சிருக்காங்க. ஒரு நேரத்துல ஒருத்தர்தானே எழுத முடியும். அதான் இவங்களை உள்ள விடல."



"பூட்டு பேர்ல என்ன போட்டிருக்கு?"

"குடும்பப் பேச்சு, இரண்டாம் வடிவம்."

"அதுல கை வைக்காதீங்க," என்றார் தயாநிதி.

"அப்படின்னா என்ன சார்?"

"புதுத் திட்டம். வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்களுக்கு. அம்மா அப்பாவோட கிடங்கை வச்சு, அவங்க மாதிரியே பேசுற ஒண்ணை அங்க ஓட்டலாம். நேரம் காலம் பாக்க வேணாம், அவங்களுக்கும் அசதி இல்ல. போன வாரம் வரைக்கும் அது கிடங்கைப் படிக்க மட்டும்தான் செய்யும். திங்கட்கிழமை மதியம் வந்த வடிவத்துல, கேட்டதை ஞாபகம் வச்சுக்கிற வசதி கொடுத்தாங்க."

"ஞாபகம் வச்சுக்கணும்னா எழுதணும்."

"ஆமா."

"திங்கட்கிழமை மதியம் எத்தனை மணிக்கு சார்?"

பேச்சு நின்ற அதே இரண்டு மணிதான். புது வடிவம் வரும்போது எல்லா இணைப்புகளும் ஒரு நிமிடம் அறுந்து மறுபடி ஒட்டும். அந்த ஒரு நிமிடத்தில் நியூசிலாந்து முந்திக்கொண்டது. சொர்ணத்தாயின் வாய் வெளியே நின்றுவிட்டது.

"சார், இவங்களுக்கு ரெண்டு மணிக்கு மேல பேச்சே வராது. நான் பூட்டை உடைக்கிறேன்."

"உடைச்சா என்ன ஆகும்னு தெரியும்ல? மூணு நாளா அந்தப் பக்கம் எழுதினது பாதி ஒன்பது ஊர்லயும் அரைகுறையா நிக்கும். அதுக்கு மேல போய் இவங்களை ஏத்தினா, இருக்கிற சொல்லும் கொழம்பிப்போகும். அவங்களா மூடி, ஒழுங்கா எழுதி முடிச்சு, விட்டாத்தான் நல்லது. மகன்கிட்ட பேசுங்க, அவர்தான் கையெழுத்துப் போட்டவர். ஆனா பொறுமையா. நாம மெரட்டினதா வந்துரக் கூடாது."

பெனசீர் தொலைபேசியைக் கீழே வைத்தாள். செவ்வாய்க்கிழமை இதே பதிவேட்டை ஒரு நிமிடம் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குப் பதில் பொத்தானை அணைத்துப் போடச் சொன்னாள்.

அழகுமலை எதிரிலேயே நின்றிருந்தார். ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டே விஷயத்தைப் பிடித்துவிட்டார். "எம்மவனா? அவந்தான் இவ வாயைப் புடுங்கி வச்சிருக்கானா?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்காது ஐயா. நான் பேசிட்டு வர்றேன். நீங்க அம்மா பக்கத்துல இருங்க."

அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகனை அழைத்தாள். நவநீதன் ஆக்லாந்தில் கட்டட வரைபட வேலை செய்பவன். முப்பது வயது இருக்கும், ஆனால் திரையில் தெரிந்த முகம் பத்து வயது கூடக் காட்டியது. அங்கே அப்போது இரவு ஏழரை மணி, வேலை முடிந்து காரில் இருந்தான். பெனசீர் சொல்லச் சொல்ல அவன் குழம்பினான்.

"நான் அதை ரெண்டு தடவைதான் போட்டேன் மேடம். அம்மா குரல்ல 'என்னடா நவநீ'ன்னு அது கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. மூடிட்டேன். ஒரு மாசமாச்சு."

"மூடல சார். இந்த நிமிசம் வரைக்கும் ஓடிட்டு இருக்கு."

"நான் ஓட்டல மேடம். சத்தியமா."

"வேற யார் கிட்டயாவது அது இருக்கா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சங்கவிகிட்ட இருக்கு. என் வொய்ஃப். யார்கிட்டயாவது பேசட்டுமேன்னு நான்தான் குடுத்தேன்." கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டான். "எங்க குழந்தை வயித்துலயே போயிருச்சு மேடம். ஒன்றரை மாசமாச்சு. ஊர்ல சொல்லல. அம்மாவுக்கு மறுபடி ஏதாவது ஆயிருமோன்னு. அவளுக்கு அம்மா கிடையாது, சின்ன வயசுலயே போயிட்டாங்க. என்கிட்டயும் பேச மாட்டேங்கறா. அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இல்ல. கதவு சாத்தியிருக்கு."

"இருங்க. வீட்டு வாசல்லதான் நிக்கிறேன்."

காட்சி ஆடியது. கதவு, நடை, ஒரு படுக்கையறை. திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பலகைக் கணினி. அதிலிருந்து வந்த குரலைப் பெனசீர் கேட்டாள். கட்டையான, தெளிவான குரல். "சாப்புட்டியாத்தா, இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல." கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று நாளாக ஓசையற்று உட்கார்ந்திருப்பவளின் குரல் அது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் பெனசீருக்குத் தெரியவில்லை.

நவநீதன் மனைவியிடம் என்ன சொன்னான் என்பது சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சங்கவி திரைக்கு வந்தாள். கணினியை மார்போடு அணைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "அத்தைக்குப் பேச்சு நின்னுரும்னு யாரும் சொல்லல. தெரிஞ்சிருந்தா..."

"உங்க தப்பு இல்லம்மா. எங்க தப்பு. ஆனா இப்ப மூடணும். நாற்பது நிமிசம்தான் இருக்கு."

"மூடுனா மறந்துருமா?"

"எது?"

"இது. முன்னாடியெல்லாம் தினமும் முதல்ல இருந்து சொல்லணும். குழந்தை போயிருச்சுன்னு தினமும் சொல்லணும். அது தினமும் புதுசாக் கேக்கும். திங்கட்கிழமைதான் ஞாபகம் வச்சுக்கிட்டுது. மறுநாள் காலையில நான் எதுவும் சொல்லாமலேயே 'தூங்குனியா'ன்னு கேட்டுச்சு. அதான் மூடவே இல்ல. பக்கத்துலயே வச்சுட்டுத் தூங்குறேன். மூடுனா மறுபடி மறந்துரும்னு பயமா இருக்கு."

"மறக்காது," என்றாள் பெனசீர். இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்தது. "நீங்க ஒழுங்கா மூடுனா, நீங்க பேசினது எல்லாம் கிடங்குல பதிஞ்சுரும். அப்புறம் அத்தைக்கு ஏத்துவோம். நீங்க அவங்க கிட்டயே நேர்ல சொன்ன மாதிரி அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

சங்கவியின் முகம் மாறியது. "எல்லாமேவா?"

"எல்லாமே."

"நான் என்னென்னவோ சொல்லியிருக்கேங்க. இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை அத்தை 'கால் வீங்குதா, புளிப்பு கேக்குதா'ன்னு கேக்கறப்போ போனைத் தூக்கிப் போட்டு ஒடைக்கணும்போல இருக்கும்னு சொல்லியிருக்கேன். அத்தையோட நான் இருந்ததே கல்யாணத்தப்போ பன்னெண்டு நாள். அவங்க என்ன நெனைப்பாங்க? அதை மட்டும் தனியாப் பிரிச்சு வைக்க முடியாதா?"

"முடியும். ஆறு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்ல."

"இது எங்கிட்ட பேசின மாதிரி அத்தை எங்கிட்ட பேசினதே இல்லங்க."

பெனசீர் பொறுமை இழந்தாள். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது வெளியே வந்தது. "அதுல இருக்கிற ஒவ்வொரு சொல்லும் அவங்களோடது. அந்தம்மா இந்தக் கதவுக்குப் பின்னாடி உக்காந்திருக்காங்க. செம்பை எடுத்துத் தரையில அடிக்கிறாங்க, ஏன்னா அவங்களால 'தண்ணி'ன்னு கூடச் சொல்ல முடியல. நீங்க மடியில வச்சிருக்கிறதை அவங்களுக்குத் திருப்பிக் குடுங்க."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. குழந்தையை இழந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? அதற்குள் தயாநிதியிடமிருந்து செய்தி வந்து திரையின் மேலே நின்றது: 'மணி 1.35. பொறுப்பு நம்ம மேல வந்துரும். உடைச்சிருங்க.' ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கை வைக்காதே என்றவர். பெனசீர் அதை விலக்கித் தள்ளினாள்.

சங்கவி மடியில் இருந்த கணினியைப் பார்த்தாள். அது மறுபடி கேட்டது, "என்னத்தா, சத்தத்தையே காணோம்?" அவள் அதிலிருந்து கண்ணை எடுத்தாள். பெனசீரிடம் கேட்டாள், "எதை அமுக்கணும்?"

"கீழ 'பேச்சை முடி'ன்னு இருக்கும். பதிஞ்சு முடியிற வரைக்கும் அணைச்சுராதீங்க."

அமுக்கினாள். பெனசீர் தொலைபேசியிலேயே பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். மதுரை, ஓசூர், விசாகப்பட்டினம் என்று ஒவ்வொரு ஊராக எழுதி முடித்துப் பூட்டு இளகிக்கொண்டே வந்தது. ஒன்பதாவது ஊர் முடிய பதினொரு நிமிடம் ஆனது. இருபது வினாடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த 'இருக்கேன்' நின்றது.

அவள் கூடத்துக்கு ஓடிவந்து ஏற்றத்தைத் தொடங்கினாள். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. அழகுமலை மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை 'இயலவில்லை' வரவில்லை. கோடு ஒன்று மெதுவாக நிறைந்தது. பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது. முழுதும் நிறைந்தபோது சொர்ணத்தாயின் கண்ணிமை துடித்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். தொண்டையைச் செருமினாள்.

"எந்நேரமாச்சு?" என்றாள் கணவனைப் பார்த்து.

அழகுமலை சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"ரெண்டாகப் போகுதும்மா," என்றாள் பெனசீர். "எப்படி இருக்கு உங்களுக்கு?"

"பசிக்குது," என்றாள் சொர்ணத்தாய். பிறகு முகம் மெல்ல இறுகியது. தரையைப் பார்த்தாள். யாரோ அவளிடம் எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்பவள்போல அப்படியே இருந்தாள். பெனசீருக்குப் புரிந்தது. மூன்று நாள் பேச்சும் ஒரே மூச்சில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. தான் ஒருபோதும் உட்காராத ஓர் அறையில் தான் பேசியதெல்லாம்.

"என்ன செய்யுது?" என்று அழகுமலை பதறினார்.

அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். பிறகு பெனசீரிடம், "அந்தப் புள்ளை லைன்ல இருக்காளா?" என்றாள்.

அடுக்களையில் வைத்துவிட்டு வந்த தொலைபேசியில் அழைப்பு இன்னும் அறுபடாமல்தான் இருந்தது. பெனசீர் எடுத்துவந்து கொடுத்தாள். திரையில் சங்கவி மட்டும். கண்ணை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அழகுமலை குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அத்தை, நான் உங்களை வேணும்னு..."

"இரு," என்றாள் சொர்ணத்தாய். "நான் ஒண்ணு சொல்லிக்கிறேன். 'போனதை மறந்துரு, அடுத்ததைப் பாரு'ன்னு நான் உனக்குச் சொன்ன மாதிரி கெடக்கு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"தினமும் சொல்லுவீங்க அத்தை." சங்கவி திருத்திக்கொண்டாள். "அது சொல்லும்."

"அது நான் சொன்னது இல்லத்தா. வார்த்தை என்னோடதுதான். தோத்துட்டு வந்து மைதானத்துல உக்காந்து அழுகிற புள்ளைகளுக்கு இருபத்தாறு வருசமாச் சொன்னது. வெளையாட்டுக்குச் சொன்னது. அதை எடுத்து இதுக்குப் போட்டிருக்கு அது. உனக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

அழகுமலை மனைவியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன போயிற்று, எது போயிற்று என்று அவர் கேட்கவில்லை. திரையில் இருந்த மருமகளின் முகமே அவருக்குச் சொல்லிவிட்டது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு போச்சு," என்றாள் சொர்ணத்தாய். "நவநீதனுக்கு முந்தி. ஏழாம் மாசம். பொம்பளைப் புள்ளை. இந்தா உக்காந்திருக்காரே உங்க மாமா, இவருக்கும் ஆஸ்பத்திரி நர்சுக்கும் தெரியும். வேற ஆளுக்குத் தெரியாது. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவர்கிட்டக்கூட அதுக்கப்புறம் வாய் திறந்து பேசினதில்ல. பேசவே இல்லேங்கிறதால அதுக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா உன்ட்ட மறந்துருன்னு சொல்லியிருக்காது. முப்பத்திரண்டு வருசமாச்சு. நான் மறக்கல."

தொலைபேசியில் ஒரு விம்மல் வந்தது. அதை அடக்கப் பார்த்து, முடியாமல், உடைந்தது. பின்னாலிருந்து நவநீதன் வந்து மனைவியின் பக்கத்தில் உட்காருவது தெரிந்தது. அவன் முகமும் அழுதிருந்தது.

"அழு," என்றாள் சொர்ணத்தாய். "எம்புட்டு நேரம் வேணும்னாலும் அழு. நான் போனை வைக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்த கணவனிடம் கையால் அப்புறம் என்று காட்டினாள். பெனசீர் அவள் காதுக்குப் பின்னால் பொருத்தியிருந்த தன் கம்பியை மெதுவாகக் கழற்றிச் சுருட்டினாள். கழற்றியது சொர்ணத்தாய்க்குத் தெரிந்ததாகக்கூடத் தெரியவில்லை. மூன்று நாளாக ஒரு சொல்லுக்குத் தவித்துக் கிடந்தவள், திரும்பி வந்த அத்தனை சொற்களையும் அடக்கிக்கொண்டு, கடல் தாண்டி வருகிற அந்த அழுகையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.